சொகுசு வண்டி

பெற்ற பிள்ளையைக் காவு வாங்கிய வண்டிக்கு மெத்தை தைத்துப் போடுகிற அப்பனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இண்டூரில் ஒருவர் இருந்தார். பெயர் மதலைமுத்து.

"அக்கா, மாமாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று தம்பி ஆண்டனிதான் சேதி கொண்டுவந்தான்.

மதலைமுத்துவின் மனைவி ராஜமேரி சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். ஒரே மகன் ஆரோக்கிய பிரவீன் போனதிலிருந்து அதுதான் அவள் இடம். அடுப்பு எரிந்தால் எரியும், இல்லாவிட்டால் இல்லை. கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

"என்னடா பண்ணினாரு?"

"போலீஸ் ஸ்டேசன்ல கெடந்துச்சே பிரவீன் வண்டி, அத எடுத்தாந்து பிரபாகர் ஒர்க்‌ஷாப்ல வுட்டிருக்காரு. சீட்டப் பிரிச்சு இத்தாந்தண்டி ஃபோம் வெச்சுத் தைக்கறாங்க. முதுகு வளையாம உக்காந்து ஓட்டறதுக்கு ஹேண்டில்பாரத் தூக்கி வெக்கறாங்க. கிளட்ச்சு, ஹாரனு, இண்டிகேட்டரு அல்லாத்தையும் வலது கைப் பக்கமே மாத்தச் சொல்லியிருக்காரு."

"அது எதுக்கு?"

"யாருக்குத் தெரியும்? ஒரு கையில ஓட்டிக்கிட்டு இன்னொரு கையில பீடி குடிப்பாராட்ட இருக்குது."

'என் கண்ணில் காட்டாதீங்க, பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க' என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன வண்டி அது. பிள்ளை போய் வருஷம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் அந்த மனுஷனுக்குச் சொகுசு கேட்கிறதா?

பிரவீனும் அவன் கூட்டாளி இளம்பரிதியும் ஒகேனக்கல்லுக்கு மீன் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பிய அன்று, பென்னாகரம் தாண்டி ஒரு வளைவில் வண்டி புளியமரத்தில் மோதியது. பிரவீன் அந்த இடத்திலேயே முடிந்தான். பிழைத்த இளம்பரிதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, "நான்தாம்மா ஓட்டுனேன்" என்று அழுதான். போலீசிடமும் அதையே சொன்னான். கேஸும் அவன் மேல்தான்.

"எம் புள்ளயத் தின்னுட்டு நீ மட்டும் உசுரோட வந்துட்டியாடா?" என்று அவள் அலறியது வார்டு முழுக்கக் கேட்டது. அதோடு விட்டாளா? அவன் வீட்டு வாசலுக்கே போய் மண்ணை வாரித் தூற்றினாள். அவனும் சரி, அவன் அம்மாவும் சரி, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த ஆத்திரம் ஒன்றுதான் அவளை உயிரோடு வைத்திருந்தது.

முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். "நட, ஒர்க்‌ஷாப்புக்கு."

அங்கே வண்டியும் இல்லை, மதலைமுத்துவும் இல்லை. மெக்கானிக் பிரபாகர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான், "அண்ணன் வண்டியத் தள்ளிக்கிட்டு ஏரிக்குப் போனாருங்க."

தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குள் மதலைமுத்து வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். சீட்டில் இளம்பரிதி! விபத்தில் முழங்கைக்குக் கீழே துண்டாகிப்போன அவன் இடது கையின் மிச்சம், ஹேண்டிலில் பற்றவைத்த ஒரு கிண்ணத்துக்குள் செருகியிருந்தது. வலது கை கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

"டக்குனு வுடாத தம்பி. மெல்ல… மெல்ல வுடு."

ராஜமேரி ஓடிப்போய்ப் புருஷன் சட்டையைப் பிடித்தாள்.

"யோவ், நீயெல்லாம் ஒரு மனுசனா? எம் புள்ளயக் கொன்னவன் கையில எம் புள்ள வண்டியவே குடுக்கறியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் 'யோவ்' என்றதில்லை.

மதலைமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. "தருமபுரியில ஒரு கடையில பில்லு போடற வேலை கெடச்சிருக்குது மேரி. இவனுக்கு முதுகுலயும் அடி. பஸ்ஸுல இடிபட்டு நின்னுக்கிட்டுப் போவ முடியல."

"போவாட்டி வூட்டுலயே கெடந்து சாவட்டும்! நமக்கென்ன வந்துச்சு? நம்ம வூட்டு வெளக்க அணைச்சவன்யா இவன்!"

இளம்பரிதி தலையைக் குனிந்தபடி இறங்கினான். சைடு ஸ்டாண்டைக் காலால் துழாவினான். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவனுக்குப் பிடிபடவில்லை. வண்டி சாயப் போக, மதலைமுத்து ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்.

"பாரு, பாரு, ஸ்டாண்டு போடக்கூடத் தெரியாதவனாட்டம் நடிக்கறத!"

"நடிக்கல மேரி."

"வேற என்னவாம்?"

மதலைமுத்து வண்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை. "நானும் இவன் வூட்டுக்குச் சண்டைக்குத்தான் போனேன். அப்பத்தான் இவங்கம்மா வாய் வுட்டுச் சொல்லிருச்சு. இவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. இன்னிக்குத்தான் மொதமொதலா ஹேண்டில் புடிக்கறான்."

ராஜமேரி புருஷனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பையனைப் பார்த்தாள்.

"அப்ப… அன்னிக்கு ஓட்டுனது?"

மதலைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இத்தனை நாள் அவள் விட்ட சாபமெல்லாம் யாருக்குப் போய்ச் சேரவேண்டியது என்று நினைத்தபோது ராஜமேரி அப்படியே ஏரி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இளம்பரிதி பதறிப்போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். இருக்கிற ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பிரவீனத் திட்டிடாதீங்கம்மா."