ரிமோட் யார் கையில்?

அடுக்கி முடித்த பெட்டி வாசற்கதவை ஒட்டி நின்றது. இன்று கணவன் ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டால் அவள் பெட்டியைப் பிரிப்பாள். இல்லையென்றால் அதைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அப்படித்தான் பேச்சு.

சோபாவின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவன். அவள் கையில் டிவி ரிமோட்.

குடும்பநல ஆலோசகி சொல்லிக் கொடுத்த பயிற்சி அது. கையில் பொருள் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. பொருள் கைமாறியதும், கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

"அரைமணி நேரம் நீங்க பேசாம இருந்தா ஒண்ணும் குடிமுழுகிடாது சார்" என்று அவனிடம் தனியாகவும் சொல்லி அனுப்பியிருந்தார் அந்த அம்மாள்.

போன்களுக்கும் தடை. அவளுடையது அணைக்கப்பட்டு பீரோவுக்குள் கிடந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமையும் அழைப்பு வரும் என்பதால் அவன் போனுக்கு மட்டும் சலுகை. அதுவும் சத்தம் வரக் கூடாது.

"எங்க விட்டேன்? ஆங், ஆஸ்பத்திரி. போன மாசம் எங்கம்மாவைச் சேர்த்திருக்காங்கன்னு ஓடிவந்து சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? 'மோட்டார்ல ஏதோ சத்தம் வருதாம், அப்புறம் பேசு'ன்னீங்க. நான் வாயைத் திறந்தாலே உங்களுக்கு எங்கேயாவது மோட்டார்ல சத்தம் வந்துடும்."

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தான்.

"இங்க பாரு..."

அவள் ரிமோட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது யார் கையில இருக்கு?"

"இல்லம்மா, ஒரு நிமிஷம்..."

"எவனாவது லிஃப்ட்ல மாட்டியிருப்பான். மாட்டட்டும். கல்யாணமான நாள்லேர்ந்து நான் ரெண்டு மாடிக்கு நடுவுலதான் நிக்கிறேன். எனக்கு யாரு வந்து கதவைத் திறந்தாங்க?"

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் தொடர்ந்தாள்.

"நான் ஒரு விஷயத்தை ஆரம்பிச்சா, முந்திரிக்கொட்டை மாதிரி முடிவை நீங்களே சொல்லிடுவீங்க. ஒரு தடவையாவது என்னை முழுசா சொல்ல விட்டிருக்கீங்களா?"

மறுபடியும் போன் அதிர்ந்தது. இந்தத் தடவை படித்ததும் பாதி எழுந்துவிட்டான். ரிமோட்டுக்காகக் கையை நீட்டினான்.

அவள் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கண்ணாலேயே பெட்டியைக் காட்டினாள். "இன்னொரு தடவை வாயைத் திறந்தீங்க, கிளம்பிடுவேன். எங்கம்மா இருக்காங்க. நான் உப்புசப்பில்லாம எதைச் சொன்னாலும் என் வாயையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க."

அவன் பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

போன் மூன்றாவது முறை அதிர்ந்தபோது அவன் அவசரப்படவில்லை. நிதானமாகப் படித்தான். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கன்னத்துக்குக் கை கொடுத்து, அவள் முகத்தையே பார்த்தபடி சாய்ந்துகொண்டான்.

அதன்பின் ஒருமுறைகூட அவன் குறுக்கே பேசவில்லை. 'ம்' கொட்ட வேண்டிய இடத்தில் 'ம்' கொட்டினான். அவள் நிறுத்திய இடங்களில் காத்திருந்தான்.

அவள் குரல் மெல்ல இறங்கியது. திட்டுவதற்கு வைத்திருந்தவை தீர்ந்து, யாரிடமும் சொல்லாதவை வெளியே வந்தன. ஓரிடத்தில் சிரித்துக்கூட விட்டாள். அவள் முடித்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"இந்தாங்க" என்று ரிமோட்டைக் கொடுத்தாள்.

அவன் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னான். ஆஸ்பத்திரி, மோட்டார், முந்திரிக்கொட்டை, சிரித்த இடம். ஒன்றையும் விடவில்லை. குரல் உயரவும் இல்லை.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்குத்தாங்க என்னை ஒரு மனுஷியா நினைச்சுக் கேட்டிருக்கீங்க."

எழுந்து போய்ப் பெட்டியைப் படுக்க வைத்தாள். ஜிப்பைப் பாதி இழுத்தாள்.

"இதை முதல்ல அம்மாகிட்ட சொல்லணும். அவங்க நம்பவே மாட்டாங்க. சரி, இப்ப உங்க முறை. அப்பவே என்னவோ சொல்ல வந்தீங்களே?"

அவன் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டான்.

"பெட்டியைப் பிரிக்காதே. மெசேஜ் போட்டது உங்கண்ணன். அத்தைக்கு ரொம்ப முடியலையாம். உன் குரலைக் கேக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்க, உடனே பேசச் சொல்லுங்கன்னு முதல் ரெண்டும்."

அவள் கை ஜிப்பிலேயே நின்றது.

"மூணாவது?"

"மெதுவா கூட்டிட்டு வாங்கன்னு."