பால்வீதியில் எங்கள் குடும்பத்தின் இடம்

என் பேரனை ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஜெயசெல்வி டீச்சர் கோலமாவால் பெரிய சுழி ஒன்று போட்டிருந்தார். அதுதான் பால்வீதியாம். நாமெல்லாம் அதற்குள்தான் குடியிருக்கிறோமாம். அமெரிக்காக்காரன் நிலவுக்கு ஆள் அனுப்பப் போகிறான் என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து அறுபது பிள்ளைகள். எல்லோரும் நட்சத்திரங்கள். இருபது பேர் சுழியின் நடுவில் நெருக்கியடித்து நின்றார்கள். மற்றவர்கள் வளைந்து போன கோடுகளின்மேல்.

ஒரு கோட்டின் வால்பக்கம், வேப்பமரத்தடியில், தன்னந்தனியாக என் பேரன் சவரியப்பன். என் தகப்பனார் பெயரைத் தாங்கியவன். போதாக்குறைக்கு அவன் தலையில் ஒரு மஞ்சள் துணி, தலைவலிக்காரனுக்குக் கட்டுகிற மாதிரி.

நட்டநடுவில் திம்மராயனின் பேத்தி செல்லி.

“என்னா இன்னாசி, உம் பேரன ஓரங்கட்டிட்டாங்களாட்டம் இருக்குது?” என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த திம்மராயன்.

மாதா தேரில் முதல் வடம் பிடிப்பது எங்கள் குடும்பம். கெலமங்கலம் சந்தையில்கூட எனக்கு வழிவிட்டுத்தான் நடப்பார்கள். எழுந்து டீச்சரிடம் போனேன்.

“டீச்சரம்மா, எங்க வகையறாவுல எவனும் ஓரத்துல நின்னதில்ல. பையன நடுவுல நிறுத்துங்க.”

“ஐயா, அவன் அங்க நின்னாத்தாங்க சரியா வரும். அது வந்து...”

“நடுவுல நிறுத்துற வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்.”

ரோட்டில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரின் ஜீப் சத்தம் கேட்டது. டீச்சரின் வேலை நிரந்தரமாவது அன்றைக்கு அவர் எழுதப்போகும் நாலு வரியில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். டீச்சர் மஞ்சள் துணியை அவிழ்த்து செல்லி தலையில் கட்டினார். செல்லி ஓரத்துக்குப் போனாள். சவரியப்பன் நடுவுக்கு வந்தான்.

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் பேசுவது எங்கள் வீட்டில் கிடையாது. கண்ணாலேயே அடக்கினேன்.

பத்து நாளாக மாட்டுக்கொட்டகையில் தனியாக எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஜெபம் படிக்கிறான் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். டீச்சர் கைதட்டினார். நடுவில் நின்ற இருபது பேரும் கைநிறைய வைத்திருந்த கோலமாவை ஒன்றாக மேலே வீசினார்கள். நடுவில்தான் நட்சத்திரங்கள் நெருக்கமாம்.

மாவு அடங்கியபோது, இருபதில் எது என் வம்சம் என்று எனக்கே தெரியவில்லை.

“இதிலே நம்முடைய சூரியன் எங்கே?” என்று டீச்சர் கேட்டார்.

ஓரத்தில் நின்ற செல்லி கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அந்த வெள்ளைக் கும்பலுக்குள்ளிருந்து ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

“நான்தான் சூரியன்! பால்வீதியின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறேன்! நீங்கள் எல்லோரும் என்னோடுதான் இருக்கிறீர்கள்!”

மாட்டுக்கொட்டகை ஜெபம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அறுபது நட்சத்திரங்களில் வாய்திறந்து பேசவேண்டியது அவன் ஒருவன்தான் என்பதும்.

“என்னம்மா இது? ஓரம்ங்கறான், நடுவுல நிக்கறான். நீயே இப்படித்தான் சொல்லிக் குடுத்தியா?” இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார்.

டீச்சர் தலைகுனிந்து நின்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வீம்புக்காகவே நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன்.

எழுந்தேன். சுழிக்குள் இறங்கி, மாவு மூட்டையாக இருந்த சவரியப்பனைக் கைப்பிடித்து, ஊரே பார்க்க, இன்ஸ்பெக்டர் பார்க்க, வால்பக்கம்வரை நடத்திக்கொண்டு போனேன். செல்லி தலையிலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து அவன் தலையில் நானே கட்டினேன்.

“நாந்தாங்க எடம் மாத்தி நிறுத்திட்டேன். டீச்சரம்மா சரியாத்தான் நிறுத்தியிருந்தாங்க.”

பேனா நின்றது. சவரியப்பன் மறுபடி முதலிலிருந்து சொன்னான், இன்னும் சத்தமாக. நான் அவன் பக்கத்திலேயே நின்றேன்.

வேப்பமரத்தடியில் நிழல் இருந்தது. அதற்காகத்தான் அங்கே நின்றேன் என்று திம்மராயனிடம் சொல்லியிருக்கிறேன்.