ஒன்று கூடிவிட்ட கணக்கு

"உன் ஷூ அளவை மனசுல நினைச்சுக்கோடி. வாயைத் திறந்து சொல்லிடாதே."

இத்தாலியில், பதுவை நகரத்தில் ஒரு செருப்புக் கடைக்குள் நின்றுகொண்டு, கைபேசித் திரையில் தெரிந்த என் மகள் டோயினாவிடம் சொன்னேன்.

எனக்கு இங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. டோயினா மால்டோவாவில், என் நாத்தனார் ஸீனா வீட்டில் வளர்கிறாள். அவள் அப்பா ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். ஆறு வருடமாக இந்தப் பிழைப்பு.

ஞாயிறு மதியம் மட்டும் எனக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. ஊருக்குப் பொட்டலம் ஏற்றும் வேன் மூன்று மணிக்குக் கிளம்பிவிடும். அதைத் தவறவிட்டால் ஈஸ்டர் அன்று ஊரே புதுசு போட்டுக்கொண்டு கோயிலில் நிற்க, என் மகள் மட்டும் பழசோடு நிற்பாள்.

அளவைக் கேட்டுவிடலாம்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய பூட்ஸ் அவள் குதிகாலில் ஏறவே இல்லை. ஸீனா அதைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணி, ஊர்ப் பிள்ளைங்க மாதிரி உங்க பொண்ணும் வளர்றா, தெரியுமில்ல?"

இன்னும் எரிகிறது. பெற்றவளுக்குப் பிள்ளையின் கால் அளவு தெரியவில்லை என்று இன்னொரு முறை அவள் வாயில் விழுவேனா?

அதற்காகத்தான் கிழவியின் பேரன் விளையாடும் இந்த வித்தையை ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"அஞ்சால பெருக்கு. அம்பதைக் கூட்டு. இருபதால பெருக்கு. ஆயிரத்தைக் கழி. இப்ப உன் வயசைக் கூட்டு. என்ன வருது?"

டோயினா நாக்கைக் கடித்துக்கொண்டு நோட்டில் போட்டாள். பின்னால் ஸீனா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"மூவாயிரத்து அறுநூத்துப் பன்னெண்டு."

முதல் இரண்டு இலக்கம் ஷூ அளவு. முப்பத்தாறு! கடைசி இரண்டும் வயது. அங்கேதான் இடித்தது.

"கழுதை, ஒண்ணு கூடிப்போச்சு பாரு. பதினொண்ணுல முடியணும். பள்ளிக்கூடத்துல என்னத்தைக் கிழிக்கிற? திரும்பப் போடு."

அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஸீனாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. வம்புக்கு வாய் ஓயாதவள், ஒரு வார்த்தை பேசவில்லை. என் வித்தையைப் பார்த்து வாயடைத்துப் போனாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"ஆமாம்மா, என் தப்புதான்" என்றாள் டோயினா. "பதினொண்ணுதான்."

"உன் அளவு முப்பத்தாறு! அம்மா உன் மனசைப் படிச்சேனா இல்லையா?"

"படிச்சிட்டம்மா."

முப்பத்தாறில் ஒரு வெள்ளை ஷூவை வாங்கிக்கொண்டு ஓடினேன். வேன் கதவைச் சாத்தப்போன டிரைவர் வலேரியு பேனாவை நீட்டினார்.

"பேரு, ஊரு, தேதி எழுதும்மா. சீக்கிரம்."

"இன்னிக்கு என்ன தேதிண்ணே?"

கிழவி வீட்டில் எனக்குத் தேதியெல்லாம் கிடையாது. ஏழு கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டிதான். திங்கள் காலியானால் செவ்வாய், செவ்வாய் காலியானால் புதன்.

"இருபத்தொண்ணு."

எழுதினேன். பக்கத்தில் ஏப்ரல் என்று எழுதும்போது கை நின்றுவிட்டது.

பாவி, டோயினாவை நான் பெற்றது ஏப்ரல் பதினாறு. போன செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கு அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். நான் கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வேலையாக இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று நான்தான் செய்தி அனுப்பினேன்.

பேசியாயிற்று.