லைட்டு எரிஞ்சிதா?

"லைட்டு எரிஞ்சிதாப்பா?"

கேட்டவர் குழியின் விளிம்பில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஹெல்மெட். இரும்புலியூரில் பாலத்தை ஒட்டி ரோட்டோரமாக கேபிள் குழி வெட்டுகிறவர்களிடம் இந்த மாதிரி ஆள் வந்து நின்று பேசுவது கிடையாது.

அப்பாதுரை கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தான். வந்தவர் யாரென்று சொல்லாமலே தெரிந்துபோனது. அதே முகவெட்டு. வயசுதான் கூட.

"என் பேரு வேதசிரோமணி. செவ்வாய்க்கிழமை இங்க லாரியில அடிபட்டது என் பையன். ஜெர்சன்."

மண் கூடையைத் தலைக்கு ஏற்றப் போன காமு அப்படியே இறக்கி வைத்தாள். அதுவரைக்கும் அவள் அப்பாதுரையைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். 'இன்னாண்ணா, கடப்பாரைக்குத் தாலி கட்டிட்டியா? மூணு நாளா அத்த வுட்டு கைய எடுக்க மாட்டேன்ற?' என்று. இப்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நான் அப்ப டீ வாங்கப் போயிருந்தேன் சார். இவருதான் இங்க இருந்தாரு."

வேதசிரோமணி அதற்கப்புறம் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"புது வண்டிக்குப் பாஸ்டர் ஜெபம் பண்ணி சாவி குடுத்தாரு. அப்பவே அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். பட்டப்பகலா இருந்தாலும் லைட்டப் போட்டுதான் ஓட்டணும், அப்பதான் பெரிய வண்டிக்காரன் கண்ணுக்கு நீ தெரிவேன்னு. சரிப்பான்னான். வாக்கு குடுத்தான்."

அவர் ஹெல்மெட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"லைட்டு எரியலங்கறான் தண்ணி லாரிக்காரன். பாலத்து நிழல்ல கறுப்பு வண்டி தெரியவே இல்லங்கறான். ஸ்டேஷன்ல போய் வண்டியப் பார்த்தேன். சுவிட்சு அணைஞ்சுதான் இருக்கு."

ஒரு பஸ் இரைந்துகொண்டு போனது. ரோட்டில் அந்த இடத்தில், அன்றைக்குக் காமு கொட்டிய ரெண்டு கூடை மண் இன்னும் கிடந்தது. பஸ் அதன் மேல் ஏறிப் போனதை மூன்று பேருமே பார்த்தார்கள்.

"கேசுக்காகக் கேக்கல தம்பி. நேத்துதான் அடக்கம் பண்ணோம். அவங்க அம்மா சாப்பிடாம கிடக்குறா. ஒரே கேள்வி. சொன்ன பேச்ச மீறிட்டுப் போய்ட்டானான்னு. வீட்டுக்குப் போய் அவளுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்."



"எரிஞ்சிது சார்" என்றான் அப்பாதுரை.

இது பொய் இல்லை. பீர்க்கன்கரணைப் பக்கமிருந்து வரும்போதே அவன் பார்த்தான். நாலு மணி வெயிலில், லாரிகளுக்கும் பஸ்ஸுகளுக்கும் நடுவே, மஞ்சளாக ஒரு பொட்டு. பகலில் வண்டி லைட்டு தானாக எரியாத காலம் அது; வேறெந்த வண்டியிலும் இல்லாத பொட்டு.

"நல்லா பார்த்தியா?"

"என் புள்ளைங்க மேல சத்தியம் சார். தூரத்துலயே பார்த்தேன்."

வேதசிரோமணியின் உதடு கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அப்புறம் எதுவோ ஞாபகம் வந்தவர்போல நெற்றியைச் சுருக்கினார்.

"அப்ப சுவிட்சு?"

அப்பாதுரை கடப்பாரையை இறுக்கினான்.

"வண்டி வுழுந்தப்ப தரையில பட்டு அணைஞ்சிருக்கும் சார்."

"ஆமா. அப்படித்தான் இருக்கும்." அவர் தனக்குள் ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பட்டு அணைஞ்சிருக்கும்."

குனிந்து குழிக்குள் கையை நீட்டினார்.

"மண்ணு சார்."

"இருக்கட்டும்."

வேறு வழியில்லாமல் கடப்பாரையை விட்டுக் கையைக் கொடுத்தான். அவர் அந்தக் கையைத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் உள்ளங்கை காய்ச்சல்காரன் கை மாதிரி சுட்டது.

"கடைசியா அவன உயிரோட பார்த்தவன் நீ. கர்த்தர் உன் கையை ஆசீர்வதிப்பாரு."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனார். எதிர்ப் பக்கம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, அவர்கள் இருந்த பக்கமாகத் திருப்பினார். உச்சி வெயில். முன்னால் லைட்டு எரிந்துகொண்டிருந்தது.

"ஐய, பாவம், மறந்துட்டாரு" என்றாள் காமு. ஊரில் எல்லாரும் காட்டுகிற மாதிரி கையைத் தூக்கி, அஞ்சு விரலையும் விரித்து மூடி விரித்து மூடி, "சார்! லைட்டு! லைட்டு!" என்று கத்த ஆரம்பித்தாள்.

அப்பாதுரை குழியை விட்டு எகிறி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தான். ஒரு வளையல் உடைந்து விழுந்தது.

"இன்னாண்ணா, லூசா நீ? பேட்டரி பூடுமேன்னு நல்லதுக்குத்தான சொல்றேன்!"

அவன் பிடியை விடவில்லை. எரிகிற லைட்டோடு ஸ்கூட்டர் அவர்களைத் தாண்டி, பாலத்து நிழலுக்குள் நுழைந்து, தாம்பரம் பக்கம் போய் மறைகிற வரைக்கும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை அவனும் நல்லதுக்குத்தான் கையைக் காட்டினான். பையன் அவனைப் பார்த்துச் சிரித்து, தேங்க்ஸ் சொல்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, சுவிட்சை அணைக்கக் குனிந்தான்.