பேய் போட்ட கும்பிடு

"அந்தப் பேய் எனக்குக் கும்பிடு போட்டு, கதவைத் திறந்துவிட்டு, 'போயிட்டு வாங்க சார்'னு வழியனுப்பி வச்சுதும்மா!"

மாமனார் காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பேய் பேசாது மாமா. அதுக்கு நாங்க வசனமே எழுதல."

"கண்ணாலயே சொல்லுச்சு."

'சார்' அவருடைய சொந்தச் சரக்கு. ஆனால் கும்பிடு?

அது அவள் உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டு. பாழடைந்த வீட்டுக்குள் சிக்கியவர் அறை அறையாகப் புதிர்களை அவிழ்த்து வெளியே வரவேண்டும். கடைசி அறையில் விளக்கு அணையும், பேய் வரும். ஆடிப் பார்க்க வந்த இளவட்டங்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அங்கேதான் செத்தார்கள். அந்தப் பேய் கும்பிடும், கதவைத் திறக்கும் என்பது உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவளுக்கும், கல்லூரியிலிருந்து கூடவே வரும் கூட்டாளிக்கும். கதவு கிரீச்சிடுவது முதல் பேய் பெருமூச்சு விடுவது வரை அவன் கைவண்ணம். அதனால் எல்லோருக்கும் அவன் 'சத்தம்'.

நாளைக்கு விளையாட்டு விற்பனைக்கு வருகிறது. தப்பிக்கும் வழி வெளியே கசிந்தால் அப்புறம் எவன் வாங்குவான்?

"சத்தம் இங்கே வந்தானா மாமா?"

"அவன் எதுக்கு? பேயை நேருக்கு நேரா முறைச்சேன். காலம் பூரா பஸ்ல டிக்கெட் செக்கரா இருந்தவன் நான். நான் முறைச்சா டிக்கெட் வாங்கினவனே இறங்கி ஓடுவான். பேயெல்லாம் எம்மாத்திரம்?"

அவள் நேராகப் போனை எடுத்தாள்.

"டேய், மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"எதை?"

"நடிக்காதே. பெரிய கம்பெனிக்காரன் உன்னை வேலைக்கு இழுக்க வலை வீசுறானே, அவனுக்கும் சொல்லியாச்சா?"

"என்னைப் பார்த்தா இதைக் கேக்குற?" என்றான் சத்தம். 'இல்லை' என்று அவன் சொல்லாததே அவளுக்கு ஒப்புதல் வாக்குமூலமாகப் பட்டது.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

போனைப் பட்டென்று வைத்தாள்.

"அட, எம்மேல உள்ள சந்தேகத்துக்கு அவன் தலையை ஏன் உருட்டுற? வா, உன் கண்ணு முன்னாடியே ஆடிக் காட்டுறேன்" என்றார் மாமனார்.

"காட்டுங்க. முதல்ல உங்க போனை இப்படிக் கொடுங்க."

"எதுக்கு?"

"அவன் ஏதாவது அனுப்பிட்டா?"

"போலீஸ்ல சேர வேண்டிய பொண்ணு!" என்று முனகிக்கொண்டே கொடுத்தார்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். குறுக்கெழுத்துப் போட்டே பேனாக்களைத் தீர்த்த மனிதர். புதிர்களைக் கடலை உரிப்பதுபோல உரித்துத் தள்ளினார். அவளுடைய சந்தேகம் அறைக்கு அறை முற்றியது. யாரும் சொல்லிக்கொடுக்காமலா இவ்வளவு வேகம்?

கடைசி அறை.

"இப்பப் பாரு, முறைக்கிறதை!" என்று மீசையை நீவினார்.

விளக்கு அணைந்தது. காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். திரை முழுக்க அந்த முகம்.

"ஐயோ, அம்மா!"

நாற்காலி கவிழ்ந்தது. மாமனாரைக் காணோம்.

திரையில் பேய் நின்று நிதானமாகக் கைகூப்பியது. கதவு மெல்லத் திறந்தது.

"கும்பிட்டுச்சா? போயிடுச்சா?" கீழேயிருந்து குரல் வந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஏற்கெனவே போனில் இருந்தாள்.

"டேய் சத்தம், தப்பு என்மேலதான். மன்னிச்சுடு, நாளைக்குக் கட்டாயம் வந்துடு. நீ யார்கிட்டயும் சொல்லல. மாமா நிஜமாவே தப்பிச்சுட்டார். பேய் வர்றப்ப பதறி ஓடாம, கீபோர்டுல ஒரு கீயைக்கூடத் தொடாம இருந்தா கதவு தானா திறக்கும்கிறதை அவராவே கண்டுபிடிச்சிருக்கார்டா... மேஜைக்கு அடியில."