இருபத்தேழு இஞ்ச்

மூன்றாவது மானிட்டரிலும் அந்தக் கறுப்புப் புள்ளி இருந்தது.

கேபிளைக் கழற்றி அடுத்ததில் மாட்டச் சொன்னார் டாக்டர்.

கடைக்கார ஜமால் பாய் சலிக்காமல் மாட்டினார். சேலம் நாலு ரோட்டில் பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவர். மானிட்டர் வாங்க வருகிறவர்கள் திரையில் மீன் நீந்துவதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். இப்படி லேப்டாப்பைக் கையோடு தூக்கி வந்து, யாரோ ஒருவரின் வயிற்று ஸ்கேனைப் போட்டுப் பார்க்கிற ஆளை அவர் கண்டதில்லை.

யாரோ ஒருவர் இல்லை.

பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபேன் காற்று வாங்கிக்கொண்டிருந்த கோமளாவின் வயிறு அது. டாக்டருடைய மனைவி.

அவளுக்குத் தெரியாது.

அவர் ஸ்கேன் பார்த்துச் சொல்கிற டாக்டர். ரிட்டயரான பிறகு ஒரு ஸ்கேன் சென்டருக்காக வீட்டிலிருந்தே ரிப்போர்ட் எழுதுகிறார். நல்ல மானிட்டராக ஒன்று வாங்குங்கள் என்று அங்கே ஆறு மாதமாகச் சொல்கிறார்கள். மனிதர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இன்று மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டார்.

கோமளாவும் கூடவே கிளம்பினாள். அவரைத் தனியாகக் கடைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை ஜார் இல்லாத மிக்ஸியை வாங்கி வந்தவர்.

அவளுக்கு இரண்டு மாதமாக வயிற்று வலி. நேற்றுக் காலை ஸ்கேன் எடுத்தார்கள். படம் இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறார்.

படம் நேற்று மாலையே வந்துவிட்டது.

லேப்டாப்பில் பார்த்தார். கணையம் கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது. கல்லீரலில் ஒரு புள்ளி. ஒன்றே ஒன்று. ஒன்றென்றால் நீர்க்கட்டியாக இருக்கலாம். எத்தனையோ பேருக்கு இருக்கிறது, அது பாட்டுக்குக் கிடக்கும். தவிரவும் இந்த ஓட்டை லேப்டாப்பை நம்பி எதையும் சொல்ல முடியாது. நல்ல திரையில் பார்த்தால் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

சென்டருக்கே போய்ப் பார்த்திருக்கலாம். அங்கே கூடவே நாலு பேர் பார்ப்பார்கள். அந்தத் தைரியம் அவருக்கு வரவில்லை.

நாலாவது மானிட்டர் முந்தைய மூன்றையும்விட ஒரு படி மேல்.

புள்ளி மூன்றாக இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றுதான்.

திரையில் தூசியோ என்று விரலால் தேய்த்தார். விவரம் தெரியாதவன்கூட அப்படிச் செய்யமாட்டான். முப்பது வருஷம் ஊரார் வயிற்றையெல்லாம் பார்த்துச் சொன்னவர் செய்தார்.

இதைவிட மட்டமானது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

ஜமால் பாய் சிரித்துவிட்டார். அதெல்லாம் பில் போடுகிற மேசைக்கு, டாக்டர் அதைக் கேட்கலாமா என்று உரிமையோடு கடிந்துகொண்டு, சுவரோரம் இருந்ததை இழுத்து மாட்டினார். இருபத்தேழு இஞ்ச். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் தேடி வந்து வாங்குவது. சாம்பல் நிறத்திலேயே நூறு சாம்பல் பிரித்துக் காட்டும் என்றார்.

காட்டியது.

கல்லீரல் முழுக்க.

எண்ண ஆரம்பித்து ஒன்பதில் நிறுத்திக்கொண்டார். கணையத்தில் இருந்தது தடிப்பு இல்லை, கட்டியேதான். வேறு யாருடைய படமாகவாவது இருந்தால் ஐந்து வரியில் எழுதி அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார். அப்படி எத்தனை முறை போயிருக்கிறார்.

நடுக்கடையில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

ஜமால் பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“இந்தப் பொடிப் புள்ளிகூடத் தெரியுது பாருங்க, சார்.”

அவர் பார்த்தார்.

கோமளா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். டாக்டரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள். இவ்வளவு புள்ளி இருந்தால் நல்லதில்லை என்கிற அளவுக்கு அவளுக்குத் தெரியும். படத்தின் மூலையில் பெயர் இருக்கிற இடத்தை அவர் காலையிலேயே மறைத்திருந்தார்.

“பாவம்” என்றாள். “இவங்க வீட்ல சொல்லியாச்சாங்க?”

“வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.”

வாயில் வந்துவிட்டது. படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு, யார் வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பது எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் சொன்னவரில்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சொன்னதில்லை.

கோமளா திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அவர் கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதிலேயே முப்பத்திரண்டு இஞ்ச் இருக்கிறது, அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜமால் பாய் உள்ளே போனார்.

கோமளா கை நீட்டி மானிட்டரின் அடி விளிம்பைத் தடவினாள். இப்போதெல்லாம் பொத்தானை முன்னால் வைப்பதில்லை. ஏதோ ஒன்று விரலில் அகப்பட்டது. அழுத்தினாள்.

படம் இன்னும் வெளிச்சமானது.

“இதை எப்படிங்க ஆஃப் பண்றது?”

அவரும் குனிந்து தேடினார்.