நெஞ்சு உயரத்தில் ஒரு வெட்டு

“அடியோட வெட்டச் சொன்னாங்க. நீங்க நெஞ்சு உயரத்துக்கு விட்டுவச்சிருக்கீங்களே” என்றாள் கருப்பம்மா.

அவளுடைய புருஷன் சரவணமுத்து மரம் அறுக்கும் வாளை இழுத்துக்கொண்டே இருந்தார்.

பசறை வீதியின் வளைவுக்கு மேலே அவர்களுடைய ஆனைக்கொய்யா மரங்கள், வெண்ணெய்ப்பழ மரங்கள், நின்றன. பாதையை மறைக்கின்றன, ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று, தொண்ணூற்றாறில் புதிதாகப் போட்ட இராணுவக் காவலரணிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

மரங்கள் கிழடுதான். கூரைக்கு மேலே வளர்ந்து, உச்சியில் மட்டும் கொஞ்சம் காய்த்தன. நெஞ்சு உயரத்தில் வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்த்து, இரண்டு மூன்று வருசத்தில் கையெட்டும் உயரத்தில் காய்க்கும் என்று சரவணமுத்துவுக்குத் தெரியும். மனசு வராமல் தள்ளிப்போட்டதை இப்போது துவக்கோடு வந்து செய்யவைக்கிறார்கள்.

“அடியோட போனா, இந்த வயசுல புதுசா நட்டு வளர்க்க நம்மளால ஆகாது. கேட்டா, முடியலைன்னு சொல்லிக்குவோம்” என்றார்.

கருப்பம்மா கிளைகளை இழுத்துப் போடத் தொடங்கினாள்.

கடைசி மரமும் விழுந்தபோது கீழே ஜீப் வந்து நின்றது. அதிகாரி உள்ளேயே இருக்க, சார்ஜன் மட்டும் மேட்டில் ஏறி வந்தான். மரங்களை வெட்டச் சொல்ல வந்த அன்றைக்கு அடையாள அட்டையைப் பிடுங்கிப் பார்த்து அதட்டியவன் அவன்தான்.

“ஏன் மிச்சம்?” என்று கொச்சைத் தமிழில் கேட்டான்.

இடுப்பு பிடித்துக்கொண்டது, வாளும் மழுங்கிவிட்டது, பட்டுப்போனதும் தோண்டி விறகாக்கிவிடுவோம் என்று சரவணமுத்து சொல்லிக்கொண்டே போனார். பொய்யைச் சொல்லி முடிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

சார்ஜன் வெட்டுவாயைத் தடவினான். ஒவ்வொரு மரமாகப் போய்க் குனிந்து பார்த்தான். மழைத் தண்ணீர் தேங்காமல் வடிய எல்லாவற்றையும் சரிவாக அறுத்திருந்தார். விறகுக்கு வெட்டுகிறவன் இப்படியா அறுப்பான்? சரவணமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜீப்பிலிருந்து அதிகாரி சிங்களத்தில் என்னவென்று கேட்டார்.

“எல்லாம் செத்த மரம் சேர், பாதை நல்லாத் தெரியுது” என்று சார்ஜனும் சிங்களத்திலேயே கத்தினான்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டான்.

“இன்னைக்கே சுண்ணாம்பு பூசுங்க ஐயா, வெயில் பட்டா பட்டை வெடிக்கும். மொனராகலையில எங்க அப்பாவும் இப்படித்தான் வெட்டுறது.”